எச்-இண்டெக்ஸை விட நியாயமான அளவுகோல் உண்டா?

'எச்-இண்டெக்ஸை வைத்து ஆராய்ச்சியாளர்களை வரிசைப்படுத்துவது சரியா, இதைவிட நல்ல முறை இல்லையா?' என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருவரின் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் (சைட்டேஷன்) காட்டினார்கள் என்பதை வைத்துப் போடும் மதிப்பெண்தான் எச்-இண்டெக்ஸ். பதவி உயர்வு நேர்காணல் நெருங்குகிறது என்று நினைக்கிறேன். மற்ற நேரத்தில் இதை யார் கேட்கிறார்கள்?

நான் கணிதக்காரன். எங்கள் கல்லூரித் தேர்வுக் குழு எனக்கும் நானோ பொருட்களில் வேலை செய்யும் ஒருவருக்கும் ஒரே எக்செல் தாளைத்தான் வைத்திருந்தது. பெயர், துறை, எச்-இண்டெக்ஸ். கடைசிப் பத்தியைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கியதும் நான் அடிக்குப் போய்விட்டேன். அவருடைய கட்டுரைகளில் எட்டுப் பேர், பத்துப் பேர். என்னுடையவற்றில் நானும் வழிகாட்டியும், சிலவற்றில் நான் மட்டும். கணிதத்தில் கட்டுரை அச்சேறவே வருடக்கணக்காகும்; ஒரு கட்டுரை குறிப்பிடும் முந்தைய கட்டுரைகளும் குறைவு. எண்ணிக்கை எங்கிருந்து ஏறும்? அவர் திறமை குறைந்தவர் என்று நான் சொல்லவில்லை, கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். சைட்டேஷன் கிடைக்காதவன் புலம்பல் என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

எச்-இண்டெக்ஸை உருவாக்கிய இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் சொன்னது எளிய கணக்கு: 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் எச் 20. துறைக்குத் துறை இது மாறும் என்று அவரே எழுதியிருந்தார். அதை யார் படித்தார்கள்? எத்தனை பேர் சேர்ந்து எழுதினாலும் ஒவ்வொருவருக்கும் முழு மதிப்பு. ஹிக்ஸ் போசானின் நிறையை அளந்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். மொத்தம் 33 பக்கம், அதில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான்!

என்னைக் கேட்டால், மேற்கோளை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்து, அதே துறையில் அதே ஆண்டில் வந்த கட்டுரைகளின் சராசரியோடு ஒப்பிட்டாலே பாதி அநியாயம் தீரும். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 'ஸ்டான்ஃபோர்டு 2 சதவீதம்' என்கிறார்களே, அதிகம் மேற்கோள் காட்டப்படும் விஞ்ஞானிகளை வரிசைப்படுத்தி ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் அயோனிடிஸின் குழு போடும் பட்டியல், அதில் கூட்டாசிரியர் எண்ணிக்கைக்கு ஏற்பத் திருத்திய எச் இருக்கிறது. தனியாக எழுதிய கட்டுரைகளுக்குத் தனிக் கணக்கு. தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழித்துப் பார்க்கவும் முடியும், துறைக்குள் என்ன இடம் என்பதும் தெரியும். அந்தப் பட்டியலில் யாராவது வந்தால் கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். உள்ளே நேர்காணலில் மட்டும் பழைய எச்.

அப்புறம், கேட்காத ஒன்று. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஓர் இதழ் என் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டது. கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுக்கும் ஸ்கோபஸ் தரவுத்தளம் என்னை இரண்டு ஆளாக்கிவிட்டது. நான் எழுதியவற்றில் நன்றாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, கணிதமே படிக்காத என் அப்பாவின் பெயரில் நிற்கிறது. குழுவிடம் சொன்னேன். 'சிஸ்டத்தில் இருப்பதைத்தான் சார் பார்ப்போம்' என்றார்கள்.

எந்த அளவுகோல் வந்தாலும் பெயரே பிளந்து கிடந்தால் கணக்கு உதைக்கும். நேர்காணலுக்கு முன்னால் உங்கள் பெயரை எல்லா விதமாகவும் எழுதி ஸ்கோபஸில் தேடிப் பாருங்கள். இரண்டு பக்கம் இருந்தால் இணைக்கச் சொல்லி அங்கேயே விண்ணப்பிக்கலாம், காசு கேட்பதில்லை. ஆராய்ச்சியாளருக்கென்று தரும் தனி அடையாள எண்ணான ஆர்கிட் (ORCID) இல்லையென்றால் அதையும் இன்றே வாங்கிவிடுங்கள்.