மாதக் கட்டணம் இல்லாத டிஷ்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

கேள்வி: டிடி ஃப்ரீ டிஷ் வைத்தால் சன் டிவி, விஜய் டிவி வருமா?

வராது. ஃப்ரீ டிஷ் என்பது மாதக் கட்டணம் இல்லாமல் தூர்தர்ஷன் தரும் டிஷ் சேவை; இவை இரண்டும் கட்டணச் சேனல்கள். சிக்னல் உங்கள் மொட்டைமாடியில் வந்து விழத்தான் செய்யும், ஆனால் கட்டணம் கட்டியவர்களின் பாக்ஸ் மட்டும் திறக்கும்படி பூட்டிக்கொண்டு விழும். ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்களுக்கான இடங்களைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி ஏலம் விடுகிறது, அதில் பணத்தைக் கொட்டுவது பெரும்பாலும் இந்திக்காரர்கள், அதனால் தமிழுக்கு டிடி தமிழ் (நம் பழைய பொதிகைதான்), அதோடு கொஞ்சம், அவ்வளவே. வீட்டில் சீரியல் பார்ப்பவர்கள் இருந்தால் வாங்காதீர்கள், சண்டைதான் வரும்.

கேள்வி: ஒரு கடைக்காரர் பாக்ஸில் நெட் கொடுத்தால் எல்லா கட்டணச் சேனலும் ஓடும் என்கிறாரே?

கார்டு ஷேரிங்கைச் சொல்கிறார். கட்டணச் சேனலின் பூட்டைத் திறக்கும் சாவி (ஒரு ரகசிய எண்) சில விநாடிக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருக்கும். எங்கோ ஒருவர் முறையாகச் சந்தா கட்டி வாங்கிய கார்டிலிருந்து (பாக்ஸில் செருகும் சிப் அட்டை) அந்தச் சாவியை எடுத்து நெட் வழியாக உங்கள் பாக்ஸுக்கு அனுப்புவார்கள். நிறுவனம் அந்தக் கார்டை முடக்கினால் அன்றோடு படம் போச்சு, கொடுத்த காசும் போச்சு. அதோடு பதிப்புரிமைச் சட்டம் 65ஏ பிரிவின்படி இப்படிப் பூட்டை உடைப்பதற்கு 2 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. எந்த பாக்ஸ், எந்த சர்வர் என்று என்னிடம் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

கேள்வி: கிரிக்கெட்?

முக்கியமான இந்திய மேட்சுகளைத் தூர்தர்ஷனுடன் பகிர வேண்டும் என்று 2007 சட்டம் சொல்கிறது. ஆனால் அது தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டும்தான் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதனால்தான் ஃப்ரீ டிஷ்ஷில் ஓடும் மேட்ச் கேபிள்காரரின் டிடி சேனலில் ஓடுவதில்லை. அவரைத் திட்டிப் பயனில்லை.

கேள்வி: பழைய டிடிஎச் டிஷ் சும்மா கிடக்கிறது, பயன்படுமா?

தாராளமாக. ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து, அது இருப்பது கிழக்கு 93.5 டிகிரியில். சென்னையில் தென்கிழக்கே திருப்பி, ஏறக்குறைய 68 டிகிரி உயரத்தில் வானத்தைப் பார்க்க வேண்டும், ஆகவே பக்கத்துக் கட்டடம் அவ்வளவாக மறைக்காது. பாக்ஸ் மட்டும் எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறை) ஆகப் பார்த்து வாங்குங்கள், எம்பெக்-2 மட்டும் உள்ள பழையதில் பாதி சேனல் கிடைக்காது.

கேள்வி: மழை பெய்தால் படம் நிற்கிறதே?

டிஷ்ஷுக்குச் சிக்னல் வரும் கேயூ பேண்ட் என்ற அலைவரிசையின் குணம் அது. பெரிய டிஷ் வைத்தால் குறையும், அடைமழையில் நிற்கத்தான் செய்யும்.