செல்லுல கிளாஸ் கேட்டா கை பழகுமா?

உசிலம்பட்டி பக்கம் கிராமத்துல இருந்து செகண்ட் இயர் எம்பிபிஎஸ் படிக்கிற தங்கச்சி ஒண்ணு கொரோனா ஊரடங்கு சமயத்துல கேட்டுச்சு: "சார், ஊரடங்குல காலேஜ மூடிட்டாங்க, நாள் பூரா செல்லுலதான் கிளாஸ், சிக்னலுக்கு மொட்டமாடி ஏறணும், கேட்டது எதுவும் மண்டைல நிக்கல, வார்டுக்கே போகாம எப்படி டாக்டர் ஆகுறது?"

சிக்னல் விஷயத்த மொதல்ல முடிச்சிருவோம். ரெக்கார்டிங்கும் ஸ்லைடும் கேட்டு வாங்கி ராத்திரி டவுன்லோட் பண்ணிக்கம்மா, வீடியோ தெணறுச்சுன்னா குரல மட்டும் கேளு, போதும். ஆனா ஒரே வீடியோவ மூணு தடவ பாக்காத, அது படிச்சிட்ட மாதிரி ஒரு மெதப்பத் தரும், அம்புட்டுதான். ஒரு தடவ கேட்டுட்டு நோட்ட மூடி வச்சு, பீட்டா பிளாக்கர், அதான் பிபியையும் இருதயத் துடிப்பையும் கொறைக்கிற மாத்திர, யாருக்கெல்லாம் குடுக்கக் கூடாதுன்னு வெறும் பேப்பர்ல எழுதிப் பாரு, எங்க முட்டுதோ அத மட்டும் திரும்பப் படி, ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் எழுது.

வார்டுக்கு ஈடு எதுவும் கெடையாது, அத நான் பூசி மெழுக மாட்டேன். சிபிஎம்இங்கிற திறன் அடிப்படையிலான எம்பிபிஎஸ் பாடத்திட்டத்துலயே தியரிக்கு 75 சதவீதம் அட்டெண்டன்ஸ்னா பிராக்டிகலுக்கு 80 கேக்குறாங்கல்ல, சும்மாவா. ஆனாலும் வீட்ல அப்பத்தா இருக்காங்கள்ல? யாருக்கும் காய்ச்சல் இருமல் இல்லேன்னா அவங்ககிட்ட கேட்டுட்டு பிபி பாக்க ஆரம்பி. அஞ்சு நிமிஷம் சாஞ்சு உக்கார வச்சு, கைய நெஞ்சு மட்டத்துல தலகாணி மேல வச்சு, கைய தொங்கவிட்டா பிபி கூடக் காட்டும், மொதல்ல கையில சுத்துன பட்டைல காத்தேத்தி மணிக்கட்டு நாடி எப்ப நிக்குதுன்னு பாத்துட்டு அதுக்கு மேல 30 ஏத்தி, அப்புறம் ஸ்டெத் வச்சு மெதுவா எறக்கு. நாடி பாக்குற மாதிரியே கையப் பிடிச்சுக்கிட்டு மூச்ச எண்ணு, எண்றது தெரிஞ்சா மூச்சு மாறிப் போயிரும். செல்லுல இருதய சத்தம் ரெக்கார்டிங் கேக்குறப்ப மட்டும் இயர்போன் போட்டுக்க, செல் ஸ்பீக்கர்ல அந்த அடித்தொனி வரவே வராது.

இதவிடப் பெருசு ஒண்ணு இருக்கு, எந்த நாட்டு வீடியோவும் அதச் சொல்லித் தராது. மதுரை கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரி ஓபில வந்து யாரும் "வெர்டைகோ"ன்னு (சுத்துற மாதிரி தலசுத்தல்) சொல்லப் போறதில்ல, "கிறுகிறுன்னு வருது", "நெஞ்சு கரிக்குது", "மேலெல்லாம் காந்துது"ம்பாங்க. நான் ஹவுஸ் சர்ஜனா, அதான் பயிற்சி டாக்டரா, இருந்தப்ப "கிறுகிறு"ன்னு கேட்டதும் கேஸ் ஷீட்ல கிடினெஸ்னு (தலசுத்தல்) ஒத்த வார்த்த எழுதிட்டு நகந்துட்டேன், சீஃப் கூப்ட்டு, வீடு சுத்துதா, கண்ணு இருட்டுதா, இல்ல சோர்வத்தான் அப்படிச் சொல்றாங்களான்னு கேட்டாரு, முழிச்சேன். மூணுக்கும் காரணம் வேற வேறம்மா. அதுனால அப்பத்தா பேசுறத குறுக்க மறிக்காம கேட்டு, அவங்க வார்த்தையிலயே எழுதி, அப்புறம் ஒவ்வொண்ணா தொலாவு.

எந்திரிச்சா கண்ணு இருட்டுதுன்னாங்கன்னா, படுக்க வச்சு ஒரு தடவ, எந்திரிச்சு நின்னு மூணு நிமிஷத்துக்குள்ள ஒரு தடவ பிபி பாரு, விழுந்துறாம பக்கத்துல ஆள் நிக்கட்டும். மேல் நம்பர் 20 கொறஞ்சா அது கவனிக்க வேண்டிய சங்கதி, நீயா மாத்திரைய நிறுத்தச் சொல்லிறாத, ரெண்டு நம்பரையும் சீட்டுல எழுதி அவங்க வழக்கமா காட்டுற டாக்டர்கிட்ட குடுத்துவிடு.