யாரும் அமராத ஆசனம்: ஆப்பிரிக்க அரசர்களின் பொருட்கள் பற்றிக் கேள்வி பதில்

நைஜீரியாவின் பெனின், கானாவின் அசாந்தே, மத்திய ஆப்பிரிக்காவின் கொங்கோ, குபா. எனக்கு ஓரளவு பழக்கமான இடங்கள் இவைதான், கேளுங்கள். "ஆப்பிரிக்கச் சிலை" என்று பொதுவாகச் சொல்லாமல் எந்த மக்கள், எந்த ஊர் என்று குறிப்பிட்டுக் கேட்டால் உருப்படியான பதில் தர முடியும். விலை மட்டும் வேண்டாம்.

பனையோலை: ஐயா, அசாந்தேக்களின் தங்க ஆசனத்தில் எந்த அரசரும் உட்கார்ந்ததில்லையாமே. அப்புறம் எதற்கு அந்த ஆசனம்?

உட்காராமல் இருப்பதில்தான் அதன் அதிகாரமே இருக்கிறது. இன்றைய கானாவின் குமாசியில், 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஓசெய் டுட்டு பல சிற்றரசுகளை ஒன்றாக இணைத்தார். அவருடைய பூசாரி ஒகொம்ஃபோ அனோச்சே ஒரு வெள்ளிக்கிழமை வானத்திலிருந்து ஆசனத்தை வரவழைத்தார், அது அரசரின் மடியில் வந்து இறங்கியது என்பது அவர்கள் மரபு. அசாந்தே மக்கள் அனைவரின் உயிராற்றலும் அதற்குள் இருப்பதாக நம்புகிறார்கள்.

சாதாரண வீட்டு வழக்கத்தைப் பார்த்தால் இது இன்னும் புரியும். ஒருவர் அன்றாடம் உட்காரும் மர ஆசனம் அவருடைய உயிரோடு ஒட்டியது. எழுந்ததும் அதைச் சாய்த்து வைப்பார்கள், வேறெந்த ஆவியும் வந்து அமர்ந்துவிடக் கூடாது என்பதற்காக. நல்லபடியாக ஆண்ட அரசர் இறந்தால் அவருடைய ஆசனத்தைக் கருமையாக்கி, தனி அறையில் வைத்துப் படையல் இடுவார்கள். ஆக, ஆசனம் என்பது அமர்ந்தவரைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும் பொருள். தங்க ஆசனத்தில் ஒருவர் அமர்ந்தால் அது அவருடையதாகிவிடும்; யாருமே அமராததால்தான் எல்லோருக்கும் உரியதாக இருக்கிறது. நான் அதை அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பட்டமேற்கும் அரசரும் அதில் அமர்வதில்லை.

இந்த விவரம் எதுவும் தெரியாத பிரிட்டிஷ் ஆளுநர் ஹாட்ஜ்சன், 1900 மார்ச்சில் குமாசிக்கு வந்து, "அதை ஏன் கொண்டுவந்து என்னை உட்கார வைக்கவில்லை?" என்ற தொனியில் கேட்டார். எஜிசுவின் அரசித்தாய் யா அசாந்தேவா தலைமையில் போர் மூண்டது. அசாந்தேக்கள் தோற்றார்கள். செஷல்ஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்ட அந்த அம்மையார் 1921இல் அங்கேயே இறந்தார். ஆனால் ஆசனம் கடைசிவரை பிரிட்டிஷார் கைக்குக் கிடைக்கவில்லை.

வடசென்னைவாசி: உடம்பெல்லாம் ஆணி அடித்த கொங்கோ பொம்மை ஒன்றைப் படத்தில் பார்த்தேன். சூனியம் வைப்பதற்குத்தானே அது?

இல்லை. அதன் பெயர் ந்கிசி ந்கோண்டி. சிற்பி மரத்தில் உருவம் செய்து தருவதோடு அது வேலை செய்யத் தொடங்காது. ந்கங்கா என்னும் சடங்கு வல்லுநர் அதன் வயிற்றுக் குழிக்குள் மருந்துப் பொருட்களை வைத்து, பெரும்பாலும் கண்ணாடியால் மூடிய பிறகுதான் சக்தி வரும். இரண்டு ஊர்கள் சமாதானம் பேசும்போதும், வழக்குத் தீரும்போதும், திருட்டைக் கண்டுபிடிக்க வேண்டும்போதும் ஒரு ஆணியோ இரும்புத் தகடோ அதில் அடிப்பார்கள். சொன்ன சொல்லை மீறியவரை அது தேடிப் பிடிக்கும் என்பது நம்பிக்கை. நம் ஊரில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆணியும் ஒரு வழக்கு, ஓர் ஒப்பந்தம். அந்த உருவம் ஓர் ஊரின் நீதிமன்றம், ஆவணக் காப்பகம் இரண்டும்தான்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் காலனி அதிகாரிகள் இவற்றைத் தேடித் தேடிப் பறிமுதல் செய்ததற்கும் இதுவே காரணம். தங்களுக்குக் கட்டுப்படாத நீதிமன்றத்தை அவர்கள் விட்டுவைக்க விரும்பவில்லை. பறிபோகும் முன் உள்ளிருந்த மருந்தை எடுத்துவிட்ட உருவங்களும் உண்டு. அருங்காட்சியகத்தில் வயிறு வெறுமையாக இருக்கும் ந்கிசியைப் பார்த்தால், சக்தி நீக்கப்பட்ட பிறகு வந்ததாக இருக்கலாம்.

சிற்பி மகன்: பெனின் வெண்கலமும் எங்கள் சுவாமிமலை வார்ப்பும் ஒரே முறையா?

அடிப்படை ஒன்றுதான்: மெழுகில் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகம் ஊற்றுவது. ஆனால் உங்கள் விக்கிரகம் உள்ளே கெட்டியான வார்ப்பு. பெனின் அரசர்களின் தலைகள் மண் கருவின் மேல் மெழுகு போர்த்திச் செய்த பொள்ளல் வார்ப்பு. "வெண்கலம்" என்று பெயர் பெற்றவற்றில் பெரும்பாலானவை பித்தளை. பெனின் சிட்டியின் இகுன் தெருவில் வார்ப்பவர்கள் அரசருக்கென்றே இருந்த குழுவினர். அரசர் அனுமதியின்றி வார்க்க முடியாது. அந்தத் தெரு இன்றும் வேலை செய்கிறது.

மஞ்சள்பை: துபாயில் வாங்கிய ஒரு முகமூடி வீட்டில் இருக்கிறது. பழையதா, எவ்வளவு போகும்?

படத்தைப் பார்த்து வயது சொல்ல மாட்டேன். விற்பனைக்கென்றே செய்து, புகையும் மண்ணும் பூசிப் பழசாக்குவது பெரிய தொழில். உண்மையிலேயே பழையதாக இருந்தால், எப்படி வெளியே வந்தது என்பதுதான் முதல் கேள்வி. தாள் இல்லாத பழம்பொருளை வாங்காதீர்கள்.

கடலோடி: பிரிட்டிஷார் எடுத்துப்போன பெனின் பித்தளைகளைத் திருப்பிக் கொடு என்கிறார்களே. அந்தப் பித்தளையே அடிமைகளை விற்று வாங்கியதுதானே? அரண்மனைக்கு என்ன உரிமை?

நேர்மையான கேள்வி. அமெரிக்காவில் அடிமைகளாக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் சிலரும் இதைக் கேட்கிறார்கள். போர்ச்சுக்கீசியர் மனில்லா எனும் பித்தளை வளையங்களைக் கொண்டுவந்து மிளகு, தந்தம், துணி, மனிதர்கள் எல்லாவற்றுக்கும் மாற்றினார்கள். அவற்றில் பல ஜெர்மனியின் ரைன்லாந்து உலோகம் என்று 2023இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆனால் பெனின் 16ஆம் நூற்றாண்டில் ஆண் அடிமைகள் விற்பனையைக் கட்டுப்படுத்தி, பிற்காலத்தில் மீண்டும் திறந்தது. ஆகவே எல்லாப் பித்தளையும் அடிமைப் பணம் என்பதும் தவறு, எதுவுமே இல்லை என்பதும் தவறு.

கடலோடி: அப்படியானால் பாவத்தில் பங்குண்டு என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விற்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் பெனின் அரசர் மட்டுமா? வாங்கியவரும் கப்பல் ஓட்டியவரும்கூடத்தான். 1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை நுழைந்து, அரண்மனையை எரித்து, அரசர் ஒவோன்ராம்வெனைக் கலபாருக்கு நாடுகடத்தியது எந்த அடிமையின் கடனையும் தீர்க்கவில்லை. கொள்ளையடித்தவற்றில் ஒரு பகுதியை விற்றுப் படையெடுப்புச் செலவையே ஈடுகட்டினார்கள்.

முல்லைக்கொடி: ஆனாலும் லண்டனில் இருந்தால் உலகமே பார்க்கிறது. அங்கே போனால் அரசர் அறையில் பூட்டிவிடுவார் அல்லவா?

பித்தளைத் தலைகள் அங்கே இறந்த அரசரின் பலிபீடத்தில் இருந்தவை. தலையின் மேல் செதுக்கிய யானைத் தந்தம் நிற்கும். புதிய அரசர் தன் தந்தைக்கு அதை நிறுவினால்தான் அவருடைய ஆட்சி முன்னோரோடு சேரும். கண்ணாடிப் பெட்டிக்குள் தந்தமின்றி நிற்கும் தலையைப் பார்ப்பவர் பாதிப் பொருளைத்தான் பார்க்கிறார். பார்க்கவே கூடாத பொருள் என்று ஒரு மக்கள் முடிவு செய்தால், அந்த முடிவும் அவர்கள் உரிமை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் மட்டும் பெனினிலிருந்து வந்தவை 900க்கு மேல். அதில் சிறு பங்குதான் காட்சியில் இருக்கிறது. பூட்டுவது லண்டனிலும் நடக்கிறது. ஜெர்மனி 2022இல் சுமார் 1,100 பொருட்களின் உடைமையை நைஜீரியாவுக்கு மாற்றியது. யாருக்குப் போக வேண்டும், அரசருக்கா நாட்டுக்கா என்ற சண்டை அங்கேயே நடக்கிறது, நடக்கட்டும். அதை நாம் இங்கிருந்து தீர்க்க முடியாது.

தேன்மொழி: பெனின் நாட்டுத் தலைநகர் போர்ட்டோ நோவோவில் இவற்றைப் பார்க்கலாமா?

அது வேறு நாடு. பெனின் அரசு இருந்தது நைஜீரியாவின் பெனின் சிட்டியில். இந்தக் குழப்பம் ஒவ்வொரு முறையும் வருகிறது, தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஊர்க்குருவி: ஆணி பொம்மையில் எதிரியின் பெயர் சொல்லிக் குத்தினால்...

மேலே வடசென்னைவாசிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நிலாச்சோறு: என்னிடமும் ஒரு முகமூடி இருக்கிறது, விலை...

மஞ்சள்பைக்குச் சொன்னதேதான்.

கூழாங்கல்: குபா அரசர் சிலை ஒன்றின் முன்னால் பல்லாங்குழி இருக்கிறதே, உண்மையா?

உண்மை, பல்லாங்குழிக்கு உறவான மன்கலா பலகை. 17ஆம் நூற்றாண்டின் ஷ்யாம் அரசருடைய ந்டொப், அதாவது குபா அரசர் உருவச் சிலை அது. முகம் யாருடைய சாயலும் அல்ல, எல்லா அரசர்களுக்கும் அதே அமைதியான முகம், மடித்த கால். எந்த அரசர் என்பதை முன்னால் இருக்கும் அடையாளப் பொருளே சொல்லும். குபா அரச உடைகளில் அடுக்கடுக்காகச் சோழிகளைப் பார்க்கலாம். ஆப்பிரிக்காவுக்கு வணிகத்தில் போன சோழியில் பெரும்பங்கு மாலத்தீவுக் கடலிலிருந்து போனது.

அகல்விளக்கு: முகமூடி என்றால் ஆண்கள்தான் அணிவார்களா?

சியரா லியோனின் மெண்டே பெண்கள் தங்கள் சான்டே சங்கத்தில் சோவெய் முகமூடி அணிந்து ஆடுவார்கள். செதுக்குபவர் ஆண், ஆடுவது பெண்.

பனையோலை: ஐயா, நேரில் பார்க்க வேண்டுமென்றால் எங்கே போகலாம்?

அசாந்தே என்றால் குமாசியின் மன்ஹியா அரண்மனை அருங்காட்சியகம். 1874இல் பிரிட்டிஷ் படை எடுத்துப்போன தங்கப் பொருட்களில் சிலவும் அடங்கிய 32 பொருட்கள் 2024இல் லண்டனிலிருந்து கடனாக அங்கே வந்தன. ஆம், கடனாக.