கணினிக் கேள்வி பதில்: பழைய மடிக்கணினிக்கு எந்த லினக்ஸ்?

கேள்வி: பென்னாகரத்தில் தட்டச்சு, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது 4 ஜிபி ரேம் கொண்ட பழைய மடிக்கணினி. அதில் விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். லினக்ஸுக்கு மாறலாம் என்று விசாரித்தால் உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா என்று ஆளுக்கொரு பெயரைச் சொல்கிறார்கள். கணினி நுட்பம் அதிகம் அறியாத நான் எதைத் தேர்ந்தெடுப்பது?
- வாசகர், பென்னாகரம்

பதில்: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், உங்கள் கேள்வி காலத்துக்கு ஏற்றதே. நீங்கள் குறிப்பிட்ட நான்கிலும் உள்ளே ஓடுவது, இயங்குதளத்தின் மையப் பகுதியான ஒரே லினக்ஸ் கெர்னல்தான். திரையின் தோற்றம், மென்பொருள் நிறுவும் முறை, ஒரு பதிப்புக்கு எத்தனை ஆண்டுகள் ஆதரவு கிடைக்கும் என்பவற்றில்தான் அவை வேறுபடுகின்றன. உங்களுக்கு நான் பரிந்துரைப்பது லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ (எடை குறைந்த திரை அமைப்பு) பதிப்பு. அது 4 ஜிபி ரேமில் திணறாமல் இயங்கும்; கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று விண்டோஸ் பழகிய கைக்கு அந்நியமாகவும் தோன்றாது. உபுண்டு 24.04ஐ அடிப்படையாகக் கொண்ட மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை மேம்படுத்தல்கள் கிடைக்கும். உபுண்டுவும் நல்லதுதான் என்றாலும், அதன் வழக்கமான க்னோம் திரை 4 ஜிபிக்குச் சற்றுக் கனம்.

ஆனால் உங்கள் கடையில் லினக்ஸ் நிலைக்குமா என்பதைத் தீர்மானிக்கப்போவது தமிழ் விசைப்பலகையும் அச்சுப்பொறியும்தான். தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதிக்கொண்டு போக வருகிறவர், உங்கள் கணினியில் எந்த இயங்குதளம் இருக்கிறது என்று கேட்கப்போவதில்லை. அச்சு வராவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ், எம்17என் ஆகிய இரண்டு மென்பொருள்களையும் நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சுப் பொறி முறை ஆகிய எல்லாவற்றிலும் யூனிகோடில் எழுத முடியும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் கோப்புகள், அந்த எழுத்துருக்களை லினக்ஸிலும் நிறுவினால் எம்எஸ் ஆபீஸ் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸில் திறக்கும். ஆயினும் அவற்றை எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடுவதே நல்லது. பேஜ்மேக்கரும் கோரல் டிராவும் லினக்ஸுக்கென்று வெளிவருவதில்லை. திருமணப் பத்திரிகை வடிவமைப்பு உங்கள் வருமானத்தில் பெரும்பங்கு என்றால், விண்டோஸை அடியோடு நீக்காமல் அதன் அருகிலேயே மின்ட்டை நிறுவிக்கொள்ளுங்கள். கணினியைத் திறக்கும்போது எது வேண்டும் என்று அதுவே கேட்கும்.

அச்சுப்பொறி ஹெச்பி என்றால் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. நம் ஊர்க் கடைகளில் பரவலாகக் காணப்படும் கேனான் எல்பிபி 2900 என்றால் யோசிக்க வேண்டும். அதற்கு லினக்ஸ் டிரைவர் (கருவியைக் கணினியோடு இணைந்து இயங்க வைக்கும் மென்பொருள்) வெளியாகியிருந்தாலும், இன்றைய பதிப்புகளில் அதை ஓட வைப்பது புதியவருக்குச் சிரமம்.

இவற்றையெல்லாம் எதையும் அழிக்காமலேயே சோதித்துப் பார்க்கலாம். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் என்ற விண்டோஸ் மென்பொருள் கொண்டு மின்ட்டை ஏற்றி, மடிக்கணினியைத் திறக்கும்போது எஃப்12ஐ (சில கணினிகளில் எஃப்9 அல்லது எஸ்கேப்) அழுத்திப் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால், மின்ட் அதிலிருந்தே இயங்கத் தொடங்கும். திரையில் நிறுவுவதற்கான படம் ஒன்று தெரியும். அதை மட்டும் தொடாதீர்கள். வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் கணினி விழிக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு மனுவை அடித்து அச்சிட்டுப் பாருங்கள். வைஃபை கிடைக்காவிட்டால், அலைபேசியைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் கொடுத்த பின், டிரைவர் மேனேஜரில் அதற்குரிய டிரைவர் இருக்கிறதா என்று தேடுங்கள். பென்டிரைவிலிருந்து ஓடும்போது வேகம் குறைவாகவே இருக்கும். அதை வைத்து மின்ட்டை எடை போட வேண்டாம்.

உங்கள் மடிக்கணினியில் இன்னும் பழைய ஹார்டு டிஸ்க்தான் இருக்கிறது என்றால், நிறுவும் முன் அதை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியைப் பொருத்திவிடுங்கள். எந்த லினக்ஸும் தராத வேகத்தை அந்த ஒரு செலவு தந்துவிடும்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக் படிக்கிறேன். லினக்ஸ் கற்க காளி அல்லது ஆர்ச் நிறுவச் சொல்கிறார்கள் நண்பர்கள். சரியா?
- மாணவர், காவேரிப்பட்டணம்

பதில்: முதல் லினக்ஸாக இரண்டுமே வேண்டாம். காளி, ஊடுருவல் சோதனை (கணினிகளின் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் சோதனை) செய்வோருக்காக உருவாக்கப்பட்டது. லினக்ஸுக்குப் புதியவர்களுக்கு அது ஏற்றதல்ல என்று அதன் ஆவணமே சொல்கிறது. ஆர்ச்சில் நிறுவுதல் முதல் எல்லாம் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கட்டளை வரியில்தான் தொடங்கும். அது ஓய்வில்லாமல் மேம்பட்டுக்கொண்டே இருப்பதால், செய்முறைத் தேர்வுக்கு முந்தைய இரவில் ஏதேனும் உடைந்தால் நீங்களேதான் சரிசெய்ய வேண்டும். உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பை நிறுவி, அதில் கட்டளை வரிக்கான டெர்மினலைத் தினமும் பயன்படுத்துங்கள். பாடத்துக்குத் தேவையான சி, பைத்தான் இரண்டும் அதில் எளிதில் கிடைக்கும். காளி வேண்டும் என்றே தோன்றினால், 8 ஜிபி ரேம் இருக்கும்பட்சத்தில், ஒரு கணினிக்குள் இன்னொரு கணினிபோல இயங்க வைக்கும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் அதைத் தனியாக நிறுவிப் பாருங்கள்.