வன்னிக் காடு, மழை, கிணறு: கேள்வி-பதில்

மகள் பள்ளிக்கூடக் கட்டுரையில் இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியை மழைக்காடு என்று எழுதிவிட்டாள். சரிதானே? (ரொறன்ரோவில் இருந்து ஒரு தாய்)

சரியில்லை. மழைக்காடு பார்க்கத் தென்மேற்கில் இருக்கும் சிங்கராஜவனத்துக்குத்தான் போகவேண்டும், அங்கே ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது. வன்னியில் 1,200 முதல் 1,500 வரைதான், அதிலும் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் பெய்து முடிந்துவிடும். ஆனாலும் பிள்ளை குழம்பியதில் நியாயம் இருக்கிறது, ஆவணி வெயிலிலும் ஒட்டுசுட்டானுக்கு அப்பால் காடு பச்சையாகத்தான் நிற்கும். பாலை, வீரை மரங்களின் இலையைத் தடவிப் பாருங்கள், தோல் மாதிரித் தடிப்பாக இருக்கும், தண்ணீரை லேசில் விடாது. முதிரை அப்படியில்லை, இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். உலர்வலயப் பசுமைக்காடு என்று எழுதச் சொல்லுங்கள்.

வைகாசியில் தெற்கில் வெள்ளம், எங்களுக்குப் புழுதிக் காற்று. ஏன்?

இரண்டும் ஒரே தென்மேற்குக் காற்றுத்தான், நாங்கள் சோளகம் என்பது. மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போதே ஈரத்தைக் கொட்டிவிடும். வன்னியில் அதை மேலே தூக்க மலை ஏது? சோளகமாக வந்து மண்ணைக் காயவைத்துவிட்டுப் போகிறது. நமக்கு மாரிமழை வங்காள விரிகுடாப் பக்கமிருந்துதான், பல வருடம் தாழமுக்கமாக, சில வருடம் 2008 நிஷா, 2020 புரெவி மாதிரிப் புயலாக.

நெடுங்கேணியில் 30 அடி வெட்டியும் தண்ணீர் இல்லை, அடுத்த வளவில் கிணறு நிறைய இருக்கிறது. ஊற்றுப் பார்த்தவர் ஏமாற்றிவிட்டாரா?

அவரை விடுங்கள், உங்கள் வளவுக்குக் கீழே இருப்பது கருங்கல். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் போல அது தண்ணீரை உள்ளே தேக்காது, மேலே உக்கிப்போன பாறைப் படையிலும் கீழே வெடிப்புகளிலும்தான் நீர் நிற்கும், அந்த வெடிப்பு அடுத்த வளவோடு திரும்பியிருந்தால் யார் என்ன செய்வது? இன்னொன்றையும் பாருங்கள், அவருடைய கிணறு குளக்கட்டுக்குக் கீழ்ப்பக்கமா? அப்படியென்றால் அவர் குடிப்பது குளத்தின் கசிவைத்தான், குளம் வற்றினால் அவர் கிணறும் இறங்கும். சின்னக் குளங்களைத் தூர்ந்துபோக விட்டுவிட்டு ஊரெல்லாம் குழாய்க்கிணறு அடிப்பது எனக்கு வீண்செலவாகத்தான் தெரிகிறது. அடித்தே ஆகவேண்டுமென்றால் நிலத்தின் மின்தடையை அளந்து பார்க்கிறவர்களைக் கூப்பிடுங்கள், ஊற்றுப் பார்க்கிறவரின் உள்ளங்கையில் தேங்காய் எழும்புவதை நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம்.

முல்லைத்தீவில் ஏன் இவ்வளவு குறைந்த சனம்?

2012 கணக்கெடுப்பில் சுமார் 2,600 சதுர கிலோமீற்றரில் 92 ஆயிரம் பேரளவில், இலங்கையிலேயே அடர்த்தி குறைந்த மாவட்டம். 2009இல் போரால் மாவட்டமே இடம்பெயர்ந்தது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்திய காரணம் மலேரியாவும் உடைந்து கிடந்த குளங்களும், குளம் திருத்திய இடங்களில்தான் குடியேற்றம் பிடித்தது.

பாலைப்பழம் சாப்பிட எப்போது வரலாம்?

வைகாசி, ஆனிப் பக்கம். பால் உதட்டில் பிசின் மாதிரி ஒட்டும், பரவாயில்லை. கரடிக்கும் அதே பழம்தான் உயிர், ஆகவே விடியலில் தனியே காட்டுக்குள் இறங்காதீர்கள், தெருவோரம் விற்பதை வாங்கிச் சாப்பிடுங்கள்.