மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுப்பது வீண் வேலையா?

"எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பயன் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வகுப்பு நடத்தும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கும் போலிருக்கிறது. பயன் உண்டு. பிரசவ அறையில் செவிலியாக இருந்து, பிறகு மருத்துவச்சிகளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்.

என் வகுப்புக்கு வயதான மருத்துவச்சி ஒருவர் வந்தார். மூச்சுவிடாத குழந்தையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டுவதுதான் அவர் அறிந்த வழி. கரும்பலகைப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. பொம்மையைப் பாயில் கிடத்தி, மூச்சுக் கொடுக்கக் கையால் அழுத்தும் காற்றுப்பையையும் அதன் முகமூடியையும் கையில் கொடுத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். துணியால் துடைத்தார், முதுகை நீவினார். முகமூடியின் ஓரத்தில் காற்று கசிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தாடையைத் தூக்கிப் பிடித்து முகமூடியைப் பதித்துவிட்டார். பொம்மையின் நெஞ்சு எழும்பியது. பிறந்த முதல் நிமிடத்துக்குள் இதைத் தொடங்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். பிறகு ஒரு பிரசவத்தில், துவண்டு பிறந்த குழந்தைக்கு இதையே செய்து அழ வைத்தார்.

ஒருவர் கதையை வைத்து முடிவுகட்டுவதா என்று சிலர் வருவார்கள். பாகிஸ்தானின் லர்கானாவில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், மருத்துவச்சிகள் பயிற்சி பெற்ற பகுதிகளில் பிரசவத்தை ஒட்டிய சிசு இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. சாம்பியாவில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் பார்த்த பிரசவங்களில், குழந்தை பிறந்த 28 நாட்களுக்குள் நேரும் இறப்பு 45 சதவீதம் குறைந்தது. மருத்துவமனைப் பிரசவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உதிரப்போக்குக்கு ஊசியும் இரத்தமும் வேண்டும், குழந்தை குறுக்கே கிடந்தால் அறுவை சிகிச்சை வேண்டும். அதை மருத்துவச்சியின் கையில் எதிர்பார்ப்பது அநியாயம். தாமதிக்காமல் அனுப்பத்தான் அவருக்குக் கற்றுத்தர வேண்டும்.

அங்கேதான் என் வயிறு எரிகிறது. உதிரப்போக்கு நிற்காத பெண்ணை அதே மருத்துவச்சி ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அவரை வாசலிலேயே நிறுத்தி, "நீ கெடுத்துவிட்டுத்தானே இங்கே கொண்டுவருகிறாய்" என்று ஏசினார்கள். நஞ்சுக்கொடி எப்போது விழுந்தது, முழுதாக வந்ததா, எத்தனை துணி நனைந்தது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண் பிழைத்தாள். ஆனால் அடுத்த முறை அந்த வாசலுக்குப் போக மருத்துவச்சிக்குக் கால் வருமா?

இன்னொரு ஆற்றாமையும் உண்டு. பயிற்சியைப் பார்வையிட வந்தவர்கள் வருகைப் பதிவேட்டையும் கைநாட்டையும் சரிபார்த்தார்கள், படம் எடுத்தார்கள். தீர்ந்துபோன கையுறைக்கும் பிளேடுக்கும் மாற்று கேட்டால் பதிலே இல்லை.

நீங்கள் வகுப்புக்கு நாள் குறிக்கும் முன், பக்கத்து மருத்துவமனையின் பிரசவ அறைப் பொறுப்பாளரைப் பாருங்கள். மருத்துவச்சி கூட வந்தால் உள்ளே விட்டு, அவர் சொல்வதைக் குறித்துக்கொள்வோம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.