ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது. எந்தச் சாதனத்தில் கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வழக்கமாக இருப்பது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் ஆர்சிசிபி. ஈரமேறிய கெட்டிலோ பழுதான வாட்டர் ஹீட்டரோ போதும், விழுந்துவிடும்.

எல்லா பிளக்குகளையும் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. நியூட்ரல் கம்பி எர்த்தைத் தொட்டிருந்தால் அப்போதும் விழும். பிடுங்க முடியாத ஹீட்டருக்கு இருமுனை சுவிட்சை (லைவ், நியூட்ரல் இரண்டையும் துண்டிப்பது) அணையுங்கள். எம்சிபிகளையும் (மின்பெட்டியில் ஒவ்வொரு இணைப்புக்கும் உள்ள தனித்தனி பாதுகாப்பு சுவிட்சுகள்) இறக்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றுங்கள். பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாக, அடுத்து பிளக்குகளையும் ஹீட்டர் சுவிட்சையும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். எந்தச் சாதனத்தைப் போடும்போது விழுகிறதோ, அதுதான் ஆள். என் சந்தேகம் முதலில் ஹீட்டர் மேல்தான்.

எதுவும் செருகாமலே விழுந்தால் வயரிங்கில் கசிவு இருக்கலாம். அதில் கை வைக்காதீர்கள். உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கூப்பிடுங்கள். டேப் ஒட்டி ஆர்சிசிபியைப் பிடித்து வைப்பது சுத்த மடத்தனம்.